இடப்பக்கம் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது

சைக்கிள் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை டிஸ்க் பிரேக் சீசன் போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மோட்டார் மாட்டிய சைக்கிளுக்கு டிஸ்க் போடுவதைப் பற்றித்தான். முதல் கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது. அதிலேயே மற்றவர்களுக்கான பாதி பதிலும் இருப்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய 26 இன்ச் கியர் சைக்கிளில் பெட்ரோல் இன்ஜின் கிட் மாட்டியிருக்கிறேன். 80 சிசி என்று சொல்லிக் கொடுத்தார்கள். தறிக்கூடத்துக்குப் போய்வர தினமும் 22 கி.மீ. பின்னால் பவர் பிரேக்தான், ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை கவ்வுகிற வகை. மழையில் பிடிப்பதே இல்லை, பிரேக் கட்டை இரண்டே மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. பின்சக்கரத்தை டிஸ்க்காக மாற்ற நடு ஹப், அதோடு சுற்றுகிற ரோட்டர் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் எல்லாம் வாங்கிவிட்டேன். தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் கேலிப்பருக்கு ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? – கரூர் வாசகர்

பொருளை வாங்கிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். பரவாயில்லை, நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

வெல்டிங்கை அப்புறம் பார்ப்போம். முதலில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தின் இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். வலப்பக்கம் பெடல் செயின் ஓடுகிறது. இடப்பக்கம் என்ன இருக்கிறது? இன்ஜினிலிருந்து வருகிற செயினும், அது சுற்றுகிற பெரிய பல்சக்கரமும். உங்கள் கிட்டோடு வந்தது 44 பல் ஸ்ப்ராக்கெட்டாகத்தான் இருக்கும், போக்ஸ் கம்பிகளுக்கு உள்ளே ஒரு ரப்பர், வெளியே ஒரு ரப்பர் வைத்து 9 போல்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். சைக்கிள் டிஸ்க் ரோட்டர் எந்தப் பக்கம் மாட்டுவது? அதுவும் இடப்பக்கம்தான். கடையில் கிடைக்கிற டிஸ்க் ஹப்புகளில் ரோட்டர் மாட்டுகிற இடம், பெரும்பாலும் 6 ஓட்டை, இடப்பக்கம்தான் இருக்கும். ஆக நீங்கள் சீட்டுப் பிடிக்கப் போகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டையும் ஒரே பக்கம் வைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அளவு பார்க்க வேண்டும். செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 12.7 மி.மீ. இடைவெளி, 44 பல் என்றால் செயின் உட்காருகிற வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 178 மி.மீ. நீங்கள் வாங்கியது வழக்கமான 160 மி.மீ. ரோட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஸ்ப்ராக்கெட் ரோட்டரைவிடப் பெரியது. கேலிப்பர் என்பது ரோட்டரின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கிற பெட்டி, அதன் பாதி உடம்பு ரோட்டருக்கு உள்பக்கம், அதாவது போக்ஸ் கம்பிப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தலுக்கு நேர் உள்ளே ஸ்ப்ராக்கெட் சுற்றுகிறது, அதன்மேல் செயின் வேறு. ரோட்டருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே கேலிப்பரின் உள்பாதி உட்காரவும் செயின் ஆடவும் தாராளமாக இடம் வேண்டும். கம்பியோடு ஒட்டிக் கட்டிய ஸ்ப்ராக்கெட்டில் அந்த இடம் பெரும்பாலும் கிடைக்காது.

நான் செய்கிற வழி இது: ரோட்டர் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி ஹப்பில் ஒட்டுங்கள், கேலிப்பரை அதில் மாட்டிக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. இடிக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பற்றவைத்துவிட்டு, பிறகு கேலிப்பரின் உள்பக்கத்தைக் கிரைண்டரில் சீவிய ஒரு சைக்கிள் என் பட்டறைக்கு வந்தது. சீவிய இடத்தில் உள்ளிருக்கிற ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடித்தால் என்ன செய்வது? கம்பியில் கட்டும் அந்த ரப்பர் அமைப்பைத் தூக்கிவிட்டு, ஹப்பின் நடுத்தண்டிலேயே இரண்டு பாதியாகக் கவ்வி இறுக்குகிற அடாப்டரில் ஸ்ப்ராக்கெட்டை உள்ளே தள்ளி வைக்கலாம். அல்லது 6 ஓட்டையிலேயே ஸ்ப்ராக்கெட்டும் ரோட்டரும் அடுக்காக உட்காருகிற அடாப்டர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். எதைச் செய்தாலும் இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்லும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் கழன்று கம்பியில் சிக்கும். இன்னொன்று, சிலர் ஸ்ப்ராக்கெட்டைப் போலவே ரோட்டரையும் ரப்பர் வைத்துப் போக்ஸ் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்ப்ராக்கெட் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் செயின் பொறுத்துக்கொள்ளும், ரோட்டருக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியே அதைவிடக் குறைவு.

சரி, இப்போது வெல்டிங். பிரேக் பிடிக்கும்போது பின் டயர் ரோட்டில் 30 கிலோ அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்சக்கரத்தில் காய்ந்த ரோட்டில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். டயரின் ஆரம் 33 செ.மீ. 160 மி.மீ. ரோட்டரில் கட்டை பிடிக்கிற இடம் நடுவிலிருந்து 7.2 செ.மீ. நெம்புகோல் கணக்குப்படி கேலிப்பரின்மேல் வருகிற விசை 140 கிலோவுக்குப் பக்கம். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இரண்டு ஆள் எடை அந்தப் பட்டையில் தொங்குகிறது. சீட்டுப் பக்கமிருந்து ஒரு மேல் குழாயும் பெடல் பக்கமிருந்து ஒரு கீழ்க் குழாயும் பின் அச்சுக்கு வருகின்றன. இந்தப் பின்தாங்கு குழாய்களின் சுவர் கனம் ஒரு மி.மீ.க்கு முன்னே பின்னே இருக்கும். கிரில் கேட் பற்றவைக்கிற அதே ராடு, அதே கரண்டில் அந்தக் குழாயைத் தொட்டால் ஓட்டை விழும், விழாவிட்டால் வெந்துபோய் பக்கத்திலேயே ஆறு மாதம் கழித்துக் கீறல் விடும். இரும்பு பிரேம் என்றால் மெல்லிய குழாயில் பழகிய கை கிடைத்தால் செய்யலாம். செய்தாலும் மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் குறுக்கே ஒரு தாங்குகம்பி வைத்துத்தான் செய்ய வேண்டும், டிஸ்க்குக்கென்றே வரும் பிரேம்களில் அந்த இடத்தைப் பாருங்கள், சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அலுமினிய பிரேம் என்றால் பேச்சே இல்லை. அதைச் சூடு காட்டிப் பதப்படுத்தி அந்த வலுவைக் கொண்டுவந்திருக்கிறார்கள், மறுபடி பற்றவைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்வைக்குப் புத்தம்புதுசாக இருக்கும், வலு மட்டும் இருக்காது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெல்டிங் இல்லாமல் நான் சொல்கிற வழி, அச்சில் கோர்க்கிற தகடு. 6 மி.மீ. இரும்புத் தகட்டில் அச்சு நுழைய ஒரு ஓட்டை, கேலிப்பருக்கு இரண்டு ஓட்டை, அப்புறம் முன்னோக்கி நீளமாக ஒரு கை. அந்தக் கையின் நுனியைப் பெடல் பக்கம் போகிற கீழ்க் குழாயோடு கிளாம்ப் வைத்துக் கட்டுவது. கை 20 செ.மீ. நீளம் இருந்தால் நுனியில் வருகிற விசை 50 கிலோதான். 140 எங்கே, 50 எங்கே! குழாய் நிம்மதியாகத் தாங்கும். இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர் சைக்கிள்களில் பலவற்றில் பின்சக்கர அச்சு நீளவாக்குப் பிளவில்தான் உட்காருகிறது, செயின் தொய்ந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து டைட் பண்ணுவோம். கேலிப்பர் பிரேமில் நிலையாக இருந்தால், சக்கரத்தை 3 மி.மீ. இழுத்ததும் ரோட்டர் நகர்ந்துவிடும், கேலிப்பர் அங்கேயே நிற்கும், கட்டையில் பாதி ரோட்டருக்கு வெளியே காற்றைப் பிடிக்கும். அச்சில் கோர்த்த தகடு என்றால் சக்கரத்தோடு கேலிப்பரும் சேர்ந்தே வரும், கிளாம்ப்பை மட்டும் தளர்த்தி நகர்த்தினால் போதும்.

ஹப்பின் அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் ஹப் பெரும்பாலும் 135 மி.மீ. அகலத்துக்கு வரும், பழைய பிரேம் அதைவிடக் குறுகலாக இருந்தால் இரும்பை இரண்டு மூன்று மி.மீ. விரிக்கலாம், அலுமினியத்தை விரிக்கக் கூடாது. கம்பி கோர்க்கும்போது குறுக்கே பின்னிக் கோர்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் சக்கரத்தில் பிரேக்கின் முறுக்கு முழுக்க ஹப்பிலிருந்து கம்பி வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது, நேர்க்கம்பி அதைத் தாங்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன். காய்ந்த ரோட்டில் உங்கள் பழைய பிரேக்கை முழுசாக அழுத்தினால் பின்சக்கரம் நின்று டயர் தேய்த்துக்கொண்டு போகிறதா? போகிறது என்றால், டிஸ்க் போட்டாலும் காய்ந்த ரோட்டில் ஒரு அடிகூட முன்னதாக நிற்கப் போவதில்லை. டயர் பிடிப்பை விட்ட பிறகு பிரேக் எவ்வளவு பலமாக இருந்து என்ன? பிரேக் பிடித்ததும் உடம்பின் கனம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்க 14 மீட்டர் பக்கம் ஆகும், முன் பிரேக்கை ஒழுங்காகப் பிடித்தால் 7 மீட்டர். நடுவிலுள்ள அந்த 7 மீட்டரில் ஒரு மினி பஸ் நிற்கும்.

அதனால் என் யோசனை: உங்கள் பணத்தையும் உழைப்பையும் முதலில் முன்சக்கரத்தில் போடுங்கள். அங்கே இடப்பக்கம் காலி. ஸ்ப்ராக்கெட் கிடையாது, செயின் கிடையாது, பற்றவைக்க வேண்டாம். கேலிப்பர் மாட்டுகிற காதோடு செய்த ஃபோர்க் கடையிலேயே கிடைக்கிறது, கழுத்துக் குழாயின் அளவும் நீளமும் பொருந்தினால் பழையதைக் கழற்றிப் புதிதைப் போட்டுவிட்டு, 100 மி.மீ. டிஸ்க் ஹப் சக்கரம் மாட்டினால் ஒரு நாள் வேலை. நீங்கள் வாங்கிய ரோட்டர் அங்கேயே உதவும். கேலிப்பரும் உதவும், அடியில் வைக்கிற தாங்கிதான் மாறலாம். முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுந்துவிடுவோம் என்கிற பயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. விழுவது திடீரென்று முழுசாகப் பிடிப்பதால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழகினால் விரல் தானாக அளவு தெரிந்துகொள்ளும். பின்னால் இப்போதைக்குப் பவர் பிரேக்கே இருக்கட்டும், நல்ல கட்டை போட்டு, ரிம்மில் ஏறியிருக்கிற கறுப்பை உப்புக் காகிதத்தால் தேய்த்து, வீல் கோட்டம் எடுத்து வைத்தாலே பாதிக் குறை போய்விடும். கட்டை இரண்டு மாதத்தில் தேய்வதற்குக் காரணம் பின் பிரேக்கை மட்டுமே பிடிப்பதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

அப்படியும் பின்னால் டிஸ்க் வேண்டும் என்றால், அதனால் வருகிற உண்மையான லாபம் மழை நாளில்தான். ஈரத்தில் ரிம் பிரேக் முதல் இரண்டு மூன்று சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போகும், டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை குறைவு. ரிம்மில் கோட்டம் விழுந்தாலும் பிரேக் இடறாது. அதற்காகச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள், தகடு வழியில்.

ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே பேட்டரி மோட்டார் உள்ள சைக்கிள், 36 வோல்ட், 250 வாட். மோட்டாரிலேயே ரோட்டருக்கு 6 ஓட்டை இருக்கிறது, பிரேமில்தான் கேலிப்பர் மாட்ட இடமில்லை. ஆன்லைனில் குழாயைக் கவ்வுகிற கிளாம்ப் பிராக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா அண்ணா? – திண்டுக்கல் கல்லூரி மாணவர்

தம்பி, அந்தக் கிளாம்ப்போடு எனக்குத் தனிப்பட்ட பகை உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு என் சொந்த சைக்கிளில் அதைத்தான் மாட்டினேன். இரண்டு வளையம், நான்கு போல்டு, மேல் குழாயைக் கவ்வுகிற வகை. இறுக்கிவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் சாயங்காலம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது எதிரே ஒரு ஆட்டோ திரும்ப, பிரேக்கை அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அடுத்து மரச்சீப்பை ஓட்டிய மாதிரி ‘டரரர்’. பிராக்கெட் குழாயைச் சுற்றித் திரும்பி, கேலிப்பர் உள்ளே போய்ப் போக்ஸ் கம்பியில் விழுந்துவிட்டது. நான்கு கம்பி அறுந்து, சக்கரம் பூட்டிக்கொண்டு, நான் பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றினேன். உள்ளங்கைத் தோல் போனதோடு தப்பித்தேன். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கழற்றிப் பார்த்தால், கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் பெயின்ட் மோதிரம் போட்ட மாதிரி வழுவழுவென்று தேய்ந்து உள்ளே இரும்பு பளபளத்தது. அந்த மோதிரத்தின் அகலம் வளையத்தைவிட 2 மி.மீ. அதிகம். அதாவது அன்றைக்கு ஒரே நாளில் நழுவவில்லை, மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் குனிந்து பார்க்கவில்லை.

போல்டு இறுக்கத்தை மட்டும் நம்பி உருண்டைக் குழாயைக் கவ்வுகிற எதுவும் முறுக்கு விசைக்கு நிற்காது. அச்சில் கோர்க்கிற தகடும் நீளக் கையும்தான், மேலே கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள். ஹப் மோட்டாரில் இன்னொரு வசதி, மோட்டார் அச்சு சுழலாமல் இருக்க ஒரு முறுக்குத்தாங்கித் தகடு எப்படியும் போட்டாக வேண்டும். ஆனால் இரண்டு வேலையையும் ஒரே தகட்டில் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மோட்டார் முறுக்கு ஒரு திசையில், பிரேக் முறுக்கு எதிர்த் திசையில் தள்ளும். ஒரே ஓட்டை மாறி மாறி அடி வாங்கினால் சீக்கிரம் பெரிதாகி லொடலொடக்கும்.

ரோட்டர் போல்டு விஷயத்தில் கவனம். அவை 5 மி.மீ. போல்டு, 44 மி.மீ. வட்டத்தில் ஆறு. மோட்டாரோடு வந்த போல்டு நீளத்தைத் தாண்டி நீளமாகப் போட்டால் மூடியைத் துளைத்து உள்ளே இறங்கி, சுற்றியிருக்கிற செப்புக் கம்பியையோ ஒயரையோ தொட்டுவிடலாம். குட்டையாகப் போட்டால் அலுமினிய மூடியில் மரை பிய்த்துக்கொள்ளும். அளந்து வாங்குங்கள். மோட்டாரின் மூடி புடைப்பாக இருந்தால் கேலிப்பரின் உள்பக்கம் அதில் உரசும், இதுவும் அடிக்கடி பார்க்கிற கதைதான். ரோட்டருக்கு அடியில் முழு வளைய ஸ்பேசர் வைத்து இரண்டு மி.மீ. வெளியே தள்ளலாம், அல்லது 180, 203 என்று பெரிய ரோட்டர் போட்டால் கேலிப்பர் புடைப்பைத் தாண்டி வெளியே போய்விடும். போல்டுக்கு ஒன்றாகத் தனித்தனி வாசர் போட்டு உயர்த்தாதீர்கள், ரோட்டர் தாமரை இலை மாதிரி நெளியும்.

பிரேக் பிடித்ததும் மோட்டார் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச் உள்ள லீவர்தானே கிட்டோடு வந்தது? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகான லீவர் மாட்டுகிற ஆட்களும் உண்டு. ஒரு கையில் மோட்டார் தள்ள, மறு கையில் பிரேக் பிடிக்க, இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். லீவரை மாற்றினால் சுவிட்சையும் மாற்றிப் பொருத்துங்கள்.

கேபிள் டிஸ்க் நல்லதா, ஆயில் டிஸ்க் நல்லதா? பைக்கில் ஊற்றுகிற பிரேக் ஆயிலையே ஊற்றலாமா? – மன்னார்குடி வாசகர்

ஆயில் டிஸ்க் விரல் நுனியில் பிடிக்கும், சுகமாக இருக்கும். ஆனால் மோட்டார் மாட்டிய சைக்கிளுக்குக் கேபிளே போதும் என்பது என் கட்சி. கேபிள் அறுந்தால் எந்தச் சின்ன ஊரிலும் பத்து நிமிடத்தில் மாற்றலாம், ஆயில் கசிந்தால் ஊசி, குழாய், பொருத்தமான ஆயில் எல்லாம் தேட வேண்டும். பவர் பிரேக் லீவர் இழுக்கிற அளவும் மலைச் சைக்கிளுக்கான கேபிள் கேலிப்பர் கேட்கிற அளவும் ஒன்றே என்பதால் பழைய லீவரையே வைத்துக்கொள்ளலாம். ரேஸ் சைக்கிள் வளைந்த ஹேண்டில் லீவர் அவ்வளவு கேபிளை இழுக்காது, அதோடு சேர்த்தால் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கும், லீவர் ஹேண்டிலைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

இரண்டாவது கேள்விக்கு: கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது. ஷிமானோ சைக்கிள் பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுபவை. பைக் கடையில் கிடைக்கிற டாட் 3, டாட் 4 வேறு சாதி. மினரல் ஆயில் பிரேக்கில் டாட்டை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும், பிரேக் முழுசாகத் தண்டம். லீவரின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள்.

டிஸ்க் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சென்று கத்துகிறது. பிடிப்பும் குறைந்துவிட்டது. பெட்ரோல் இன்ஜின் வண்டி. – தாராபுரம் வாசகர்

எண்ணெய் பட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எங்கிருந்து என்று கேட்காதீர்கள், உங்கள் வண்டியே ஒரு எண்ணெய்க் கடை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்றுகிறீர்கள், அதில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே பின்னால் தெறிக்கிறது. இடப்பக்கச் செயினுக்கு நீங்கள் போடுகிற எண்ணெய் ரோட்டருக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது.

ரோட்டரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். கட்டையின் முகத்தை உப்புக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஆழமாக இறங்கியிருந்தால் அது எதற்கும் மசியாது, புதுசு போடுங்கள். கேஸ் அடுப்பில் சுட்டால் சரியாகும் என்று வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டையைத் தகட்டோடு பிடித்திருக்கிற பசை விட்டுப்போனால் யார் பொறுப்பு? சைலன்சர் வாயை ஒரு முழங்கைக் குழாய் வைத்து வலப்பக்கம், கீழ்நோக்கித் திருப்புங்கள். செயினுக்கு எண்ணெய் போடும்போது ரோட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு ரோட்டரைத் தொடுவதும் இதே பாவத்தில் சேரும்.

புதுக் கட்டை போட்டதும் அப்படியே வேலைக்குப் போய்விடாதீர்கள். காலியான ரோட்டில் 20, 25 கி.மீ. வேகத்துக்குப் போய், சீராகப் பிடித்து நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும், முழுசாக நிறுத்தக் கூடாது. இப்படி ஒரு 20 தடவை. கட்டையின் பொருள் ரோட்டரில் மெல்லிய படலமாக ஏறிய பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

மோட்டார் மாட்டிய சைக்கிளைப் போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது? லைசென்ஸ் வேண்டுமா? – ஈரோடு வாசகர்

பேட்டரி வண்டி என்றால்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கி.மீ.க்குக் குறைவு, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள், பொருத்தமான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்தால் 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. பிரேக் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, கவனியுங்கள்.

பெட்ரோல் என்றால் கதை வேறு. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் விலக்கு 25 சிசி வரைக்கும்தான். 80 சிசி என்று விற்கிற கிட்டின் சிலிண்டர் பெரும்பாலும் 47 மி.மீ. அகலம், 38 மி.மீ. பிஸ்டன் ஓட்டம், கொள்ளளவு கணக்குப் போட்டுப் பார்த்தால் 66 சிசிதான் வரும். 66 ஆனாலும் 25-ஐத் தாண்டியாகிவிட்டது. பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்கும் வண்டி அது. வீட்டில் மாட்டிய கிட்டுக்குப் பதிவு கிடைப்பது குதிரைக் கொம்பு. கரூர்க்காரரும் இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். பிரேக்குக்குச் செலவு செய்வதற்கு முன்பு, அந்த இன்ஜினை இறக்கிவிட்டு 250 வாட்டுக்கு உட்பட்ட ஹப் மோட்டார் ஏற்றலாமா என்று யோசியுங்கள். தினமும் 22 கி.மீ. அதற்குப் பெரிய தூரம் இல்லை, இடப்பக்கமும் காலியாகிவிடும்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பேட்டரி மோட்டார் மாட்டிய சைக்கிளுக்கு அவனே வீடியோ பார்த்துப் பின்சக்கர டிஸ்க் மாட்டியிருக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஓட்டவிடலாமா? நான் எதைப் பார்க்க வேண்டும்? – சிவகாசியிலிருந்து ஒரு அம்மா

பிள்ளைக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள் அம்மா, அப்புறம் சைக்கிளைப் பாருங்கள்.

வண்டியைத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சீராகச் சுற்ற வேண்டும், லேசான ‘ஸ்ஸ்’ சத்தம் பரவாயில்லை, ‘டிக் டிக்’ என்று எங்கேயாவது இடித்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்து, பிரேக் லீவரை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுங்கள், நீங்கள் கேலிப்பர் பக்கத்தில் குனிந்து அதை மட்டும் பாருங்கள். அது பிரேமோடு பிரேமாக நிற்க வேண்டும். துளி அசைந்தாலும் மகனைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், திண்டுக்கல் தம்பிக்கு எழுதியதை. லீவர் ஹேண்டிலைத் தொடுகிற வரைக்கும் வந்தால் கேபிளை இறுக்க வேண்டும். ரோட்டரில் சின்ன எழுத்தில் பெரும்பாலும் 1.5 என்று ஒரு எண் இருக்கும், அது தேய்மானத்தின் எல்லை, புதுசு 1.8 மி.மீ. பக்கம் இருக்கும், அதனால் அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். ஓட்டி முடித்ததும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோசைக்கல் மாதிரி சுடும். சக்கரம் சுற்றும்போது விரலைக் கொண்டுபோகவே கூடாது.

கடைசியாக, வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் எடுங்கள். ஒவ்வொரு போல்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கிற தகடு வரைக்கும் ஒரு கோடு, கிளாம்ப்பிலிருந்து குழாய்க்கு ஒரு கோடு. போல்டு தளர்ந்தாலோ கிளாம்ப் நழுவினாலோ கோடு இரண்டாக உடைந்து விலகி நிற்கும், பத்தடி தள்ளி நின்றே தெரியும். சிவப்பு இருந்தால் நல்லது.